நிர்வாகியின் அனுமதி தேவை

ஜூன் 3

மாண்புமிகு நிர்வாகி அவர்களுக்கு,

உன்னை இனிமேல் இப்படித்தான் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. நான் சொல்லவில்லை, என் கம்ப்யூட்டர் சொல்கிறது. என் கம்ப்யூட்டர். நான் டைப் அடித்துச் சம்பாதித்ததில் நான் வாங்கியது.

இன்று காலை உன் அண்ணன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கம்ப்யூட்டரை வைத்து, காலடியில் பெடலைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோர்ட்டில் பதிவு செய்த பேச்சைக் கேட்டு டைப் செய்ய அந்தப் பெடல் சாஃப்ட்வேர் வேண்டும். காலால் அமுக்கினால் பேச்சு ஓட வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும், குதிகாலால் தட்டினால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அது இல்லாமல் இந்த வேலையே இல்லை. நெட்டில் தேடி இறக்கி, இன்ஸ்டால் என்ற இடத்தில் தட்டினேன். ஸ்கிரீன் முழுக்க இருண்டது. நடுவில் ஒரு பெட்டி வந்தது. "இதற்கு நிர்வாகியின் அனுமதி தேவை." கீழே பாஸ்வேர்டு கேட்டது. நீ எனக்கு வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டேன். தப்பு என்றது. மறுபடி போட்டேன். மறுபடி தப்பு. அப்புறம்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே பார்த்தேன். நிர்வாகி என்ற இடத்தில் உன் பெயர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. லீவில் வந்தாய், "புதுக் கம்ப்யூட்டரை நான் செட் பண்ணித் தரேன் அண்ணி" என்றாய், நானும் உனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு விசிறாத குறையாக உட்கார்ந்திருந்தேன். பூட்டையும் போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு உன் தீவுக்குப் போய்விட்டாய். அங்கே போன் கிடையாது. உங்கள் வானிலை நிலையத்தில் இருக்கிற ஒரே ஒரு இணைப்பில் காற்றும் மழையும்தான் போகலாமாம், அண்ணியின் கோபம் போகக் கூடாதாம். அதனால் புதன்கிழமைப் படகில் இந்தக் கடிதம் வருகிறது.

எனக்கு அவசரம் என்ன என்று உனக்கே தெரியும். பழைய கம்ப்யூட்டரில் போன டிசம்பரில் எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டு, காசு கட்டினால்தான் திறப்போம் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டல் வந்ததே, அதில் ஒரு கொலை வழக்கின் சாட்சி விசாரணை முழுவதும் போயிற்று. இன்னொருத்தி முதலிலிருந்து டைப் செய்ய வேண்டி வந்தது. கோர்ட் ஆபீசில் சூப்பர்வைசர் அம்மா என்னை நிற்க வைத்து, "கவனமா இருக்கத் தெரியாதவங்களுக்கு இங்க வேலை இல்லம்மா" என்று சொல்லி, டைப் செய்கிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார். நான் நடையாய் நடந்து, இப்போதுதான் மனம் இறங்கி ஒரு சோதனைப் பதிவு கொடுத்திருக்கிறார். இந்த மாதம் முடிவதற்குள் டைப் செய்து கொடுத்தால் ஜூலையில் போடும் புதுப் பட்டியலில் என் பெயர் வரும். கொடுக்காவிட்டால் இனி அந்தப் படி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துப் புழுங்க முடியாது. நீ லீவில் வந்திருந்தபோது ஒரு நாள் மதியச் சாப்பாட்டில், உன் அம்மா, உன் பெரியப்பா வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "அண்ணி கண்டதையும் கிளிக் பண்ணியிருக்காங்க, அதான் வைரஸ் வந்திருக்கு" என்று வாய் கூசாமல் சொன்னாய். உன் பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் இறக்கவில்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

பாஸ்வேர்டை அடுத்த படகில் அனுப்பு.

அனுமதிக்காகக் காத்திருக்கும்,
அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது.

நிர்வாகி என்பது நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு கணக்கு உண்டு. தினமும் வேலை செய்ய ஒரு கணக்கு, புதிதாக எதையாவது உள்ளே விடுவதற்கு மட்டும் இன்னொரு கணக்கு என்று பிரித்து வைப்பதுதான் முறை. தெருவில் போகிறவன் வீட்டுக்குள் வர வேண்டுமானால் கதவைத் தட்ட வேண்டும் இல்லையா. நீங்கள் பார்த்த பெட்டி அந்தத் தட்டல்தான். அது வரவில்லை என்றால்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்.

அந்தப் பெட்டியில் தயாரித்தவர் யார் என்று ஒரு வரி இருந்திருக்கும். அதில் என்ன இருந்தது என்று உங்கள் நீண்ட கடிதத்தில் எங்கேயும் இல்லை. என் பெயரைப் படித்திருக்கிறீர்கள், அதைப் படிக்கவில்லை. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். தயாரித்தவர் தெரியவில்லை என்று இருந்தால், பாஸ்வேர்டு கையில் இருந்தாலும் போடக் கூடாது.

"நெட்டில் தேடி இறக்கி" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே தேடி, எங்கிருந்து இறக்கினீர்கள்? தேடினால் மேலே முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். ஓரத்தில் பொடி எழுத்தில் அப்படிப் போட்டும் இருப்பார்கள். சாஃப்ட்வேரைச் செய்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போக வேண்டும், முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். டவுன்லோட் என்று பெரிதாகப் பச்சையில் மின்னுவதைத் தொடக் கூடாது. இன்ஸ்டால் செய்யும்போது "சீக்கிரம் முடி", "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிற மாதிரி கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் போய், கூட ஏற்றி அனுப்புகிற எல்லாவற்றிலும் டிக்கை எடுத்துவிட வேண்டும். அதற்கும் முன்னால் கம்ப்யூட்டருக்கு வந்திருக்கும் அப்டேட்டுகளை எல்லாம் முடித்திருக்க வேண்டும். அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிற வீடு உங்கள் வீடு.

இறக்கியதை அழித்துவிட்டு மறுபடி தேடிப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். சரியாக இருந்தால் பாஸ்வேர்டைப் பற்றி யோசிக்கலாம். இப்படி வைத்திருப்பதுதான் நல்லது என்று அண்ணனும் சொன்னார்.

உங்கள் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என்னோடு எடுத்து வந்திருக்கிறேன், நினைவிருக்கிறதா? அந்தக் கொலை வழக்கு ஃபைல்களைத் திறக்க முடியுமா என்று டியூட்டி முடிந்த பிறகு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் யாரும் கேட்டு நான் செய்யவில்லை.

லீவில் பாதியை உங்கள் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். எப்படி இருக்கிறாய் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜூன் 13

நாத்தனாருக்கு,

எப்படி இருக்கிறாய்? போதுமா?

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நீ சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தேன். உள்ளதைச் சொல்கிறேன், நான் அன்றைக்கு இறக்கியது அந்த நிறுவனத்தின் தளத்தில் இருந்து இல்லை. முதலில் வந்ததைத் தட்டியிருக்கிறேன். ஓரத்தில் விளம்பரம் என்று போட்டிருக்கிறது, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். உள்ளே போனால் நாலு இடத்தில் டவுன்லோட். மின்னுகிறது, துடிக்கிறது, ஒன்று என் சுட்டி போகிற பக்கமெல்லாம் கூடவே வருகிறது. முகவரியில் நிறுவனத்தின் பெயருக்கு நடுவே ஒரு கோடும் பின்னால் வேறு ஏதோ வாலும். அழிப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியையும் இன்னொரு தரம் வரவழைத்துப் பார்த்தேன். தயாரித்தவர் தெரியவில்லை என்றுதான் போட்டிருந்தது. ஆக, உன் பூட்டு என்னை அன்றைக்குக் காப்பாற்றியிருக்கிறது. இதை எழுத எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்றைக் கேள். நீ சொன்னதும் எனக்குப் புரிந்ததா இல்லையா? ஒரே ஒரு கடிதம், அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதிய கடிதம், அதைப் படித்தே எனக்கு விளங்கிவிட்டது. அப்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேனே, அன்றைக்கு வாயைத் திறந்து சொல்வதற்கு என்ன? எனக்குச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பூட்டுவது சுலபமாக இருந்திருக்கிறது. பதினைந்து வருஷமாக வக்கீல்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்துவதை யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்து டைப் செய்கிறவள் நான். ஒரு டிக்கை எடுக்க எனக்குத் தெரியாதா?

இப்போது உண்மையான தளத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். சந்தேகத்துக்குக் கோர்ட் ஆபீசுக்கே போன் போட்டு முகவரியைப் படித்துக் காட்டினேன். அதேதான் என்றார்கள். அங்கே பச்சையும் இல்லை, மின்னலும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு பட்டன், பாவம் போல ஒரு மூலையில். அதை இறக்கி வைத்திருக்கிறேன். வைரஸ் இருக்கிறதா என்று சோதித்தும் பார்த்தேன், சுத்தம். தட்டினேன். மறுபடி ஸ்கிரீன் இருண்டது. தயாரித்தவர் என்ற இடத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று இருக்கிறது. கீழே உன் பாஸ்வேர்டு வேண்டுமாம். எல்லாம் சரியாகச் செய்துவிட்டுச் சொந்த வீட்டு வாசலில் நிற்கிறேன்.

அப்புறம், "அண்ணனும் சொன்னார்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அது என்ன? நேற்றுச் சாயங்காலம் உன் அண்ணனிடம் கேட்டேன்.

"என் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு என்கிட்ட இருக்க வேண்டாம்னு நீங்க சொன்னீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? அவ படிச்சவ. அவ செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

"சொன்னீங்களா, இல்லையா?"

"அடடா, ஒரு வாய் காபி குடிக்க விடமாட்டியா?"

எழுந்து போய்விட்டார். போனவர் இன்று சாயங்காலம் ஒரு பென் டிரைவோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்தார்களாம். அதே பெடல் சாஃப்ட்வேராம், உடைத்து வைத்ததாம், லைசென்ஸ் எதுவும் கேட்காதாம். "இதைப் போடும்போது மட்டும் ஆன்ட்டி வைரஸை நிறுத்தி வைக்கணுமாம், அவ்வளவுதான்" என்றார், ஏதோ பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. ஆபீஸ்காரர்களே எனக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கும்போது எனக்கு எதற்குத் திருட்டு? காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு வரச் சொல்கிற விருந்தாளி என்ன விருந்தாளி? நீ எழுதாமலே இது எனக்குத் தெரிந்தது. அந்தப் பென் டிரைவை நான் கம்ப்யூட்டரில் சொருகவில்லை. சமையலறை ஜன்னலில் கிடக்கிறது.

என் ஹெட்போனில் கேட்கிறது சினிமாப் பாட்டு இல்லை. ஒரு பெண் சாட்சிக் கூண்டில் அழுதுகொண்டே சொல்வது என் காதுக்குள் வருகிறது. அவள் வீட்டு முகவரி வருகிறது. அது எவன் கையிலோ போகக் கூடாது என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள், அண்ணனும் தங்கையுமாக?

இந்தக் கடிதம் அடுத்த புதன்கிழமைப் படகில்தான் வரும். நீ பதில் எழுதி அது திரும்பி வருவதற்குள் மாதம் முடிந்துவிடும். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அண்ணி


ஜூன் 20

அண்ணி,

இது புதன்கிழமைப் படகில் வரவில்லை. ரேடாரைப் பழுது பார்க்க வந்தவர் இன்று மீன்பிடிப் படகில் கரைக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்து, நேரே உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும், அண்ணனிடம் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பாஸ்வேர்டு தனிச் சீட்டில் இருக்கிறது. முதலில் அதை வைத்து உங்கள் வேலையைப் பாருங்கள். இதைப் பிறகு படியுங்கள். படிக்காமல் இருக்க மாட்டீர்கள், தெரியும்.

நீங்கள் செய்தது எல்லாம் சரி. நான் சொல்லித் தராததையும் சரியாகச் செய்திருக்கிறீர்கள். அந்தப் பென் டிரைவைத் தயவுசெய்து எதிலும் சொருக வேண்டாம், அண்ணன் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரிலும் கூட.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேராகவே சொல்கிறேன்.

உங்கள் ஹார்டு டிஸ்க்கில் டைப் ஃபைல்கள் ஒன்றும் திறக்கவில்லை. ஆனால் பூட்டிக்கொள்ளாமல் தப்பிய சில ஃபைல்கள் இருந்தன. இறக்கியவை சேரும் ஃபோல்டரில் ஒரு இன்ஸ்டால் ஃபைல் இருந்தது. அதற்குள்தான் எல்லாம் வந்திருக்கிறது. விளம்பரம் காட்டுவது ஒன்று, ஒட்டுக்கேட்பது ஒன்று, பூட்டுப் போடுவது ஒன்று, பை நிறைய. அது இறங்கிய தேதியைப் பார்த்தேன். உங்களிடம் காட்டி வாயை அடைக்கலாம் என்றுதான் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை.

நவம்பர், எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த வாரம்.

அந்த வாரம் முழுவதும் நீங்கள் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தீர்கள். வீட்டுக்குப் போகவே இல்லை. குளிப்பதும் அங்கேதான், துணி மாற்றுவதும் அங்கேதான். நான் வலியில் கத்தியபோது நர்ஸோடு சண்டை போட்டு ஊசி போட வைத்தீர்கள். அந்தத் தேதியில் அந்தக் கம்ப்யூட்டரை நீங்கள் தொடவே இல்லை என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சி இருக்கிறது என்றால் அது நான்தான். அந்த நான்தான் பந்தியில் அப்படிப் பேசினேன்.

அந்தச் சாஃப்ட்வேர் எதற்கு என்றால், நம் போட்டோவைக் கொடுத்தால் தலையில் முடி வைத்துக் காட்டுமாம். சுருட்டை, நீளம், வகிடு எடுத்தது என்று வேண்டியது போல. கூடவே ஒரு படம் தப்பியிருந்தது. இங்கே பிரிண்ட் எடுத்து இணைத்திருக்கிறேன். நீங்களே பாருங்கள். நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அண்ணனுக்குத் தெரியும். டிசம்பரில் எல்லாம் பூட்டிக்கொண்டபோதே தெரிந்திருக்கும். படகுத்துறையில் என்னை ஏற்றிவிட வந்தபோது, "பாஸ்வேர்டை அவகிட்ட குடுக்காதே, திரும்பவும் எதையாவது இறக்கி வெச்சிடுவா" என்று என்னிடம் சொன்னார். ஒரு கண் சிமிட்டல் இல்லை. நானும் தலையாட்டினேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அவர் மேல் வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. அதைவிட என் மேல்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதி மூன்று முறை கிழித்துவிட்டேன். எந்த மாதிரி எழுதினாலும் சின்னதாக இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


ஜூன் 22

சீட்டு கிடைத்தது. கடிதமும் படித்தேன். படமும் பார்த்தேன்.

கொலை வழக்கு விசாரணை போய்விட்டது, நான் ராவும் பகலும் அடித்தது போய்விட்டது, உன் அண்ணன் வழுக்கையில் ஏறிய அந்தச் சுருட்டை முடி மட்டும் அழியாமல் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது நான் எழுத ஆரம்பித்தால் காகிதம் தாங்காது. நான் சோதனைப் பதிவை முடிக்க வேண்டும். முடித்துவிட்டு வருகிறேன், உங்கள் இரண்டு பேரிடமும்.

அண்ணி


ஜூன் 27

அன்புள்ள அண்ணி,

நேற்றுப் படகில் உங்கள் சீட்டு வந்தது. "வருகிறேன்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உள்ளே போனதும் என் பெயரில் இருக்கிற நிர்வாகிக் கணக்கை எடுத்துவிட்டு உங்கள் பெயரில் ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள். தினசரி வேலையை மட்டும் அதில் செய்ய வேண்டாம், இப்போது இருக்கிற கணக்கிலேயே செய்யுங்கள். புதுப் பாஸ்வேர்டு என்ன என்று எனக்குச் சொல்ல வேண்டாம். டைப் செய்து முடித்ததை எல்லாம் தனியாக ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான்.

பாஸ்வேர்டை மறந்துவிட்டால் கஷ்டம். அதனால் ஒரு காகிதத்தில் எழுதி, நீங்கள் முழுசாக நம்புகிற ஒருவரிடம் கொடுத்து வைப்பது வழக்கம். இதையும் பாடம் எடுக்கிறாள் என்று நினைக்க வேண்டாம்.

அண்ணனுக்கு நான் இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை. முதலில் பேச வேண்டியவர் நீங்கள்.

உங்கள்,
பொடிசு

(கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள் வைத்த பேர். இப்போது அந்தப் பேரில் கையெழுத்துப் போட உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.)


ஜூலை 4

பொடிசுக்கு,

முதலில் வேலையைச் சொல்கிறேன். சீட்டு வந்த அன்றே அந்தச் சாம்பல் பட்டனில் இறக்கி வைத்திருந்ததைத் தட்டினேன். ஸ்கிரீன் இருண்டது. தயாரித்தவர் பெயரைப் படித்தேன், இன்னொரு தரம் விரல் வைத்துப் படித்தேன், பாஸ்வேர்டைப் போட்டேன். அது எதையோ அவசர அவசரமாகக் கேட்டது. நான் அவசரப்படவில்லை. கூடவே ஏதோ வானிலை காட்டுவது ஒன்றை ஏற்றிவிடட்டுமா என்றது. வானிலைக்கு எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது என்று டிக்கை எடுத்தேன். முடிந்தது என்று வந்தது. காலைப் பெடலில் வைத்தேன். ஹெட்போனில் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஐயா, நான் பார்த்ததைச் சொல்கிறேன்" என்றார். நான் அழுதுவிட்டேன். எதற்கு அழுதேன் என்று தெரியவில்லை, கோபமாகத்தான் இருந்தேன்.

பதிவை முடித்து, உன் கடிதம் வருவதற்கு முன்பே நானாகவே நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, அலமாரியில் வைத்த பிறகுதான் உன் அண்ணனிடம் போனேன். அவர் மேசையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். மேலே இருந்த தாளில் அந்தப் படத்தை வைத்தேன்.

முகத்தில் ஈயாடவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"இது எப்படி உனக்கு..."

"இதுக்காகவா என்னை ஆபீஸ்ல நிக்க வெச்சு விரட்டினாங்க?"

"பசங்க என்னை உலக உருண்டைன்னு கூப்பிடறாங்க" என்றார். "வகுப்புல மேப்பை மாட்டத் திரும்பினா பின்னாடி சிரிக்கிறாங்க. விக் வாங்கலாமா, எனக்கு எடுக்குமான்னு பார்க்கத்தான்... ஒரே ஒரு தடவை."

"அதை என்கிட்ட சொல்ல என்ன?"

"நீ சிரிப்பே."

"சிரிச்சிருப்பேன். கண்டிப்பா சிரிச்சிருப்பேன். நான் சிரிச்சா நீங்க செத்தா போயிடுவீங்க? நான் ஆறு மாசமா கெட்ட பேரோட உக்காந்திருக்கேனே, நீங்க பாத்துக்கிட்டே தட்டுல இருக்கறதைச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களே! அதோட நிக்கலே. என் பாஸ்வேர்டையும் எனக்குக் கொடுக்காதேன்னு சொல்லி அனுப்பியிருக்கீங்க!"

"உன்கிட்ட இருந்தா நீ உள்ளே போய் எல்லாத்தையும் நோண்டுவே. பழசு எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சிடுமோன்னு பயம்."

பார், பொடிசு. புதுக் கம்ப்யூட்டரில் பழையதன் கதை எப்படி இருக்கும்? ஆதாரம் முழுக்க உன் பையில் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு என்னைப் பூட்டி வைத்திருக்கிறார். இந்த மனிதர் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லித் தருகிறார், பொய் சொன்னால் வெளியே நிற்க வைக்கிறார்.

மன்னித்துவிடு என்று சொன்னார், பல தடவை சொன்னார். சமையலறையில் சொல்கிற மன்னிப்பு எனக்கு வேண்டாம் என்றேன். என் பெயர் கெட்டது எங்கேயோ அங்கே வந்து சொல்லுங்கள் என்றேன். "அந்த அம்மா முன்னாடியா?" என்று கேட்டார். "ஆமா, அந்த அம்மா முன்னாடிதான்."

மாதத்தின் கடைசி வேலை நாள், கோர்ட் ஆபீஸ். நான் டைப் செய்த தாள்களை மேசை மேல் வைத்தேன். சூப்பர்வைசர் அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்து, "இவர் யாரு?" என்றார். என் வீட்டுக்காரர், உங்களிடம் ஒன்று சொல்ல வந்திருக்கிறார் என்றேன். அந்த அறையில் டைப் செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டார்கள்.

"அந்த வைரஸ் இவங்களால வரல மேடம். நான்தான் ஒரு சாஃப்ட்வேரை இறக்கினேன். இவங்க அப்போ ஆஸ்பத்திரியில என் தங்கச்சி கூட இருந்தாங்க."

"என்ன சாஃப்ட்வேர் சார்?"

அவர் கை தானாகத் தலைக்குப் போய்த் தடவியது. அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ தாங்க முடியாமல் இருமினார்கள். எனக்குமே சிரிப்பு வந்தது, அவ்வளவு ஆத்திரத்திலும்.

ஆனால் அந்த அம்மா சிரிக்கவில்லை. "இதை டிசம்பர்லயே வந்து சொல்லியிருக்கலாமே சார். நான் இவங்களை எல்லார் முன்னாடியும் திட்டினேன்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க கூட இறக்கலைன்னுதான் சொன்னீங்க. நான் கேக்கல" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும். நேற்று முன்தினம் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருக்கிறது.

உன் அண்ணனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவுக்கு. அவர் பாவமாகத்தான் இருக்கிறார். கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்.

இனி நீ. ஆஸ்பத்திரியில் உனக்காக நான் நர்ஸோடு சண்டை போட்டதை எழுதியிருக்கிறாய். நான் அதைக் கணக்கில் வைத்துச் செய்யவில்லை, அதனால் இப்போது கணக்குத் தீர்க்கவும் வரவில்லை. ஆனால் நீ பேசியது பந்தியில். உன் அம்மா இருந்தார்கள், உன் பெரியம்மா இருந்தார். அடுத்த லீவில் வரும்போது அதே ஆட்களைக் கூப்பிடுகிறேன். அதே சாப்பாட்டு மேசை. நீ எழுந்து நின்று சொல்ல வேண்டும், உன் அண்ணன் அலுவலகத்தில் சொன்ன மாதிரி. முடி விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம், அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

உன் நிர்வாகிக் கணக்கை எடுத்துவிட்டேன். எடுக்கலாமா என்று கம்ப்யூட்டர் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்டது. ஆமாம் என்றேன். இப்போது அந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது. பாஸ்வேர்டும் புதிதாக வைத்துவிட்டேன்.

முழுசாக நம்புகிற ஒருவரிடம் எழுதிக் கொடுத்து வைக்கச் சொல்கிறாய். காகிதத்தில் எழுதி மடித்து, கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொடுக்க ஆள் வரவில்லை மனதில். அதனால் கிழித்துப் போட்டுவிட்டு, நானே மறக்காமல் வைத்திருக்கிறேன். நீ வந்து அந்த மேசையில் பேசு. அப்புறம் மறுபடி எழுதலாமா என்று பார்க்கிறேன்.

அண்ணி